பியூசியில் கணக்கு எடுத்தாயிற்று, எந்த நுழைவுத் தேர்வு எழுதுவது? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு, அதாவது முதல், இரண்டாம் பியூசி படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அல்சூர், பிரேசர் டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கணக்கைப் பற்றிக் கேட்பதைவிட, எந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவது என்று கேட்பதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். தேர்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எத்தனை தேர்வு எழுத வேண்டும்?

முக்கியமாக ஒன்று, துணைக்கு ஒன்றோ இரண்டோ. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏப்ரல் தொடக்கத்தில் ஜேஇஇ மெயின் இரண்டாம் சுற்று, அதே மாதத்தில் கர்நாடக சிஇடி, மே மாதத்தில் காமெட்கே, கணிதப் படிப்புகளுக்கான ஐஎஸ்ஐ, சிஎம்ஐ தேர்வுகள், ஜேஇஇ அட்வான்ஸ்டு என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கேட்கும் விதமும் வேகமும் வேறு. ஏழு தேர்வுக்குப் பணம் கட்டிய பிள்ளைக்கு எந்த ஒன்றின் பழைய வினாத்தாளையும் முழுதாகப் போட்டுப் பார்க்க நேரம் இருக்காது.

எந்தத் தேர்வு எந்தக் கல்லூரிக்கு?

முதலில் சிஇடி. கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்துவது. இந்த மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளுக்கும், தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கும் இதுதான் வழி. கே.ஆர். சர்க்கிள் பக்கத்தில் இருக்கும், 1917இல் தொடங்கிய விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரிக்கு, அதாவது யுவிசிஇ-க்கு, போக வேண்டுமானாலும் சிஇடிதான்.

காமெட்கே, கர்நாடகத் தனியார் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் தேர்வு. எந்த மாநிலத்தவரும் எழுதலாம். ஆர்.வி., பி.எம்.எஸ்., ராமையா போன்ற கல்லூரிகளில் சிஇடி மூலமும் போகலாம், காமெட்கே மூலமும் போகலாம். ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியார். கட்டணம் மட்டும் காமெட்கே சீட்டுக்குப் பல மடங்கு. இதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள்.

ஜேஇஇ மெயின் என்பது என்ஐடி, ஐஐஐடி-களுக்கு. எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் ஐஐஐடி பெங்களூரும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறது. மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தவர்கள் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதலாம், அது ஐஐடி-க்கு. நம்ம ஊர் ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகம், 2022இல் தொடங்கிய கணிதமும் கணினியும் சேர்ந்த பி.டெக். படிப்புக்கும் அட்வான்ஸ்டு ரேங்க்தான் வேண்டும். பிட்சாட் என்பது பிட்ஸ் என்ற தனியார் பல்கலைக்கழகத்தின் பிலானி, கோவா, ஹைதராபாத் வளாகங்களுக்கு.

நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். சிஇடி எழுத முடியுமா?

சொந்த ஊர் எது என்பது இங்கே கேள்வியே இல்லை, பிள்ளை எங்கே படித்தது என்பதுதான் கேள்வி. ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பியூசி வரை குறைந்தது ஏழு ஆண்டு கர்நாடகத்தில் படித்திருந்து, எஸ்எஸ்எல்சியோ இரண்டாம் பியூசியோ இங்கே தேறியிருந்தால் பொதுவாகத் தகுதி உண்டு. வேறு சில பிரிவுகளிலும் தகுதி வரலாம். பெற்றோர் கர்நாடகத்தில் படித்தவர்கள் என்றால் அந்தப் பிரிவை அறிவிப்பில் கவனமாகப் பாருங்கள். சென்னையிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் மாறி வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் ஏழு ஆண்டுக் கணக்கு சேராது. அப்படியானால் காமெட்கேயையும் ஜேஇஇ மெயினையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் கர்நாடக இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதையும் கவுன்சலிங் நாள் வரை போகாமல் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. என்ஐடி-களில் பாதி சீட் சொந்த மாநிலத்தவருக்கு. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார்களோ அதுதான் அவர்கள் சொந்த மாநிலமாகக் கணக்கில் வரும். பெங்களூரில் பியூசி முடித்த தமிழ்ப் பெண்ணுக்குச் சூரத்கல் என்ஐடி-யில் அந்தச் சலுகை உண்டு, திருச்சியில் கிடையாது. தாத்தா வீடு ஸ்ரீரங்கத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

எல்லாத் தேர்விலும் கணக்கு ஒன்றுதானே? வித்தியாசம் என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். வகுப்பில் நான் எப்போதும் கொடுப்பது இது. ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் (1ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது) கூட்டினால் 3 வருகிறது. அந்த எண்ணின் கனத்தையும் தலைகீழியின் கனத்தையும் கூட்டினால் எவ்வளவு?

இது சிஇடி, காமெட்கே பாணி. சூத்திரம் தெரிந்த பிள்ளை 3இன் கனம் 27, அதிலிருந்து 3 × 3 = 9 கழித்தால் 18 என்று அரை நிமிடத்தில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இதையே ஜேஇஇ மெயினின் எண் விடைப் பகுதிக்கு ஏற்ற மாதிரி மாற்றுவோம். ஏழாம் அடுக்குகளைக் கூட்டினால் எவ்வளவு? இதற்கு நேரான சூத்திரத்தை யாரும் மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள். மூன்றாம் அடுக்குக் கூட்டல் 18, நான்காம் அடுக்குக் கூட்டல் 47. இரண்டையும் பெருக்கினால் ஏழாம் அடுக்குக் கூட்டலும் முதல் அடுக்குக் கூட்டலும் சேர்ந்து 846 வருகிறது. 3ஐக் கழித்தால் 843. தெரிந்த இரண்டு விஷயங்களை ஒட்டவைத்து மூன்றாவதை எடுக்க வேண்டும், கூட்டல் கழித்தலில் சறுக்கக் கூடாது. மெயின் தேடுவது இந்தத் திறமையை.

இப்போது ஐஎஸ்ஐ-யின் இரண்டாம் தாள் கேட்கும் விதத்தில் கேட்கிறேன். ஓர் எண்ணும் அதன் தலைகீழியும் சேர்ந்து முழு எண்ணாக வந்தால், எந்த அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினாலும் முழு எண்தான் வரும் என்று நிறுவுக. இங்கே குறிக்க விடையே இல்லை. ஒரு அடுக்கின் கூட்டல் தொகையை முதல் கூட்டல் தொகையால் பெருக்கி, அதற்கு முந்தைய அடுக்கின் தொகையைக் கழித்தால் அடுத்த அடுக்கின் தொகை வரும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். பூச்சிய அடுக்குக்கு 2, முதல் அடுக்குக்கு முழு எண், எனவே தொடர்ந்து வருவதெல்லாம் முழு எண் என்று தொகுத்தறிதல் முறையில் வரி வரியாக எழுத வேண்டும்.

இந்த மூன்றில் எதைப் போடும்போது உங்கள் பிள்ளையின் முகம் மலர்கிறது என்று பாருங்கள். மூன்றாவதில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வேகத் தேர்வுக்கு மட்டும் பழக்குவது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் வகையில் சூரனான பையனை அட்வான்ஸ்டு பயிற்சியில் தள்ளி அவன் நம்பிக்கையைக் கெடுப்பதும் அதே அளவு வருத்தம்தான்.

வேகம் எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம், ஆனால் தேர்வுக்குத் தேர்வு வேறு. காமெட்கேயில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, ஒன்றுக்கு 60 வினாடி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வின் கணக்குத் தாளில் 60 நிமிடத்துக்கு 50 கேள்வி, ஒன்றுக்கு 72 வினாடி. சிஇடியில் கணக்குக்குத் தனித் தாள், 80 நிமிடத்தில் 60 கேள்வி, ஒன்றுக்கு 80 வினாடி. பிட்சாட்டில் மூன்று மணி நேரத்தில் 130 கேள்வி, அதுவும் கிட்டத்தட்ட இதே வேகம். ஜேஇஇ மெயினில் அதே மூன்று மணி நேரத்துக்கு 75 கேள்விதான், ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் போல வரும். ஆனால் வேதியியலைச் சீக்கிரம் முடித்து அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கத் தெரிய வேண்டும். ஐஎஸ்ஐ முதல் தாளில் ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம், இரண்டாம் தாளில் 15 நிமிடம்.

நிதானமாக யோசிக்கும் பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை. அவர்களுக்கு ஏற்ற தேர்வு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்.

நெகட்டிவ் மார்க் இருக்கும் தேர்வைத் தவிர்க்கலாமா?

பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகள் கொடுத்த நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும்.

ஜேஇஇ மெயினில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிப்பார்கள். 4 − 3, மிச்சம் 1. க்யூட்டில் சரிக்கு 5. 5 − 3, மிச்சம் 2. பிட்சாட்டில் சரிக்கு 3. 3 − 3, ஒன்றுமே மிஞ்சாது. ஐஎஸ்ஐ முதல் தாளில் சரிக்கு 4, தவறுக்கு 0, தொடாமல் விட்டால் 1. நான்கையும் குருட்டாம்போக்கில் குறித்தாலும் சராசரியாக 4தான், நான்கையும் விட்டுவிட்டாலும் 4தான். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை வேறு தேர்வில் நான் பார்த்ததில்லை.

ஆக, ஜேஇஇ மெயினில் ஒரு விடையையாவது நிச்சயமாகத் தவறு என்று அடிக்க முடிந்தால் குறிக்கலாம். இரண்டை அடிக்க முடிந்தால் கட்டாயம் குறிக்க வேண்டும். எண்ணை நாமே எழுதும் கேள்விகளில் ஊகம் வேண்டவே வேண்டாம், அங்கேயும் 1 கழிப்பார்கள். சிஇடியிலும் காமெட்கேயிலும் நெகட்டிவ் மார்க் இல்லை. அங்கே ஒரு வட்டத்தைக்கூட நிரப்பாமல் விடுவது கையில் இருப்பதைக் கீழே போடுவதுதான். சிஇடி ஓஎம்ஆர் தாளில் நடப்பது என்பதால் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்கச் சொல்வேன்.

போர்டு தேர்வு மதிப்பெண்ணைக் கவனிக்க வேண்டுமா? கோச்சிங்கில் அது முக்கியமில்லை என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பொறியியலுக்கான சிஇடி ரேங்கில் பாதி, இரண்டாம் பியூசியின் இயற்பியல், வேதியியல், கணக்கு மதிப்பெண். ஒரு பெண் சிஇடியில் 180க்கு 120, போர்டில் 300க்கு 270 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 66.67, 90 இரண்டின் சராசரி 78.33. ஒரு பையன் சிஇடியில் 138, போர்டில் 225. 76.67, 75 இரண்டின் சராசரி 75.83. நுழைவுத் தேர்வில் 18 கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட்ட பையன் ரேங்கில் பின்னால் நிற்கிறான்.

காமெட்கே ரேங்குக்குப் போர்டு மதிப்பெண் சேராது, தேறுவதற்கான குறைந்தபட்சம் போதும். என்ஐடி, ஐஐடி சேர்க்கைக்குப் பொதுப் பிரிவில் 75 சதவீதம், அல்லது அந்த போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிட்ஸுக்கும் 75 சதவீத நிபந்தனை உண்டு. கர்நாடகத்தில் இரண்டாம் பியூசிக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு வைக்கிறார்கள், ஒன்றில் சறுக்கினால் அடுத்ததில் சரிசெய்ய இடம் உண்டு.

ஜேஇஇக்குப் படித்தால் சிஇடி தானாக வந்துவிடுமா?

பாடம் வந்துவிடும், பழக்கம் வராது. ஜேஇஇக்கு மட்டும் படித்த பிள்ளைகள் சிஇடியில் ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு, கடைசி 15 கேள்விகளைப் படிக்காமலேயே எழுந்து வருகிறார்கள். சிஇடிக்கு முந்தைய இரண்டு வாரம் 80 நிமிட மாக் டெஸ்ட் மட்டும் போடச் சொல்லுங்கள். முதல் பியூசி பாடமும் சிஇடியில் வரும், அதை மறந்துவிட வேண்டாம். 2024 சிஇடியில் பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேள்விகள் வந்து, பெரிய எதிர்ப்பு எழுந்து, 50 கேள்விகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டார்கள். ஆகவே தேர்வு மண்டபத்தில் தெரியாத கேள்வி வந்தால் அங்கேயே உட்கார்ந்து உடைந்துபோகாமல் அடுத்ததற்குப் போகப் பழக்குங்கள்.

என் பெண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் இன்ஜினியரிங் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு வழி?

அருமையான வழிகள் இருக்கின்றன, நம் வீடுகளில் பலருக்கு அவை தெரியாமல் இருப்பதுதான் குறை. மைசூர் சாலையில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகத்தில், ஐஎஸ்ஐ என்று சொல்வோமே அங்கே, பி.மேத் என்ற கணித இளநிலைப் படிப்பு இருக்கிறது. பி.ஸ்டாட் படிப்பு கொல்கத்தாவில். இரண்டுக்கும் கணக்கு மட்டும்தான் தேர்வு, இயற்பியலும் வேதியியலும் கிடையாது. காலையில் ஒரு தாள், 30 கேள்வி. பிற்பகலில் ஒரு தாள், 8 கணக்கு, முழு விளக்கத்தோடு எழுத வேண்டும்.

சென்னை சிறுசேரியில் சிஎம்ஐ, அதாவது சென்னைக் கணிதவியல் கழகம். அதன் நுழைவுத் தேர்விலும் விளக்கி எழுதும் பகுதி உண்டு. இந்த இரண்டு தேர்வுக்கும் ஒரே தயாரிப்பு போதும். பழைய வினாத்தாள்கள் இரண்டின் இணையதளத்திலும் கிடைக்கும். பாடம் பள்ளிக்கூட அளவுதான். கேள்வி மட்டும் ஆழம்.

அறிவியல் முழுவதும் பிடிக்கும் என்றால், ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்வி, மூன்று மணி நேரம். ஐஐஎஸ்சி-யின் நான்காண்டு அறிவியல் படிப்பும் இந்த மதிப்பெண்ணை ஏற்கிறது. கேவிபிஒய் என்ற பழைய அறிவியல் உதவித்தொகைத் தேர்வைப் பற்றி இன்னும் சிலர் விசாரிக்கிறார்கள், அது நின்றுவிட்டது.

காமர்ஸ் பிரிவில் கணக்கு எடுத்த பிள்ளைக்கு?

டெல்லி பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட். கணக்குத் தாளில் 15 கேள்வி எல்லோருக்கும் பொது, மீதி 35இல் வழக்கமான கணக்கு, பயன்பாட்டுக் கணக்கு இரண்டில் படித்ததை எழுதலாம். டெல்லியில் பொருளாதார ஆனர்ஸ் வேண்டுமென்றால் கணக்கு கட்டாயம். சிபிஎஸ்இ-யில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பயன்பாட்டுக் கணக்கு எடுப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பொறியியல் எண்ணம் துளி இருந்தாலும் அதை எடுக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு பேசிக்கா ஸ்டாண்டர்டா என்ற கேள்விக்கும் அப்படித்தான், மேலே கணக்கு படிக்கும் பிள்ளைக்கு ஸ்டாண்டர்டு.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா சாட் லெவல் 1, லெவல் 2 எழுதச் சொல்கிறார். எது நல்லது?

சாட் என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு. சித்தப்பா சொல்வது அதன் பழைய பாடவாரித் தேர்வு. அதை 2021இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது பொது சாட் மட்டும். 2023 முதல் நம் நாட்டில் கணினியில் நடக்கிறது. கணக்குப் பகுதியில் 22 கேள்வி கொண்ட இரண்டு சுற்று, சுற்றுக்கு 35 நிமிடம், மொத்தம் 800 மதிப்பெண். முதல் சுற்றை எப்படிப் போட்டோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். நெகட்டிவ் மார்க் இல்லை, திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. பியூசி கணக்கு படித்த பிள்ளைக்குப் பாடம் எளிது; ஆங்கிலத்தில் நீளமாக எழுதிய கேள்வியைப் புரிந்துகொள்வதில்தான் மதிப்பெண் போகும். லெவல் 2 போல இன்னும் உயர்ந்த கணக்கைக் காட்ட வேண்டுமென்றால் மே மாதம் நடக்கும் ஏபி கால்குலஸ் என்ற அமெரிக்கத் தேர்வு இருக்கிறது. இங்கிலாந்தின் இம்பீரியல், வார்விக் போன்ற இடங்களுக்கு டிஎம்யுஏ என்ற கணக்குத் தேர்வு. அங்கே கால்குலேட்டர் கிடையாது.

கேள்வித்தாள் தமிழில் கிடைக்குமா?

ஜேஇஇ மெயின் 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. ஆனால் தமிழ்த் தாளைத் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மையங்களில்தான் கொடுக்கிறார்கள். பெங்களூர் மையத்தில் ஆங்கிலம், இந்தி, உருது, கன்னடம். தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வந்த பிள்ளை ஏதாவது ஒரு தமிழ்நாட்டு ஊரை மையமாகக் கேட்பது நல்லது. சிஇடி ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

தமிழ்நாட்டுக்கே போய்விட்டால்?

அங்கே பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007இலிருந்து இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். கணக்கில் கெட்டியான, ஆனால் நுழைவுத் தேர்வென்றால் கை நடுங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கர்நாடகத்தில் படித்திருந்தாலும் பூர்வீகம் தமிழ்நாடு என்றால் விண்ணப்பிக்கலாம், இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதைச் சொந்த ஊர் தாலுகா அலுவலகத்தில் வாங்க நாளாகும். முந்தைய பொங்கல் விடுமுறையிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சரி, கடைசியில் எப்படி முடிவு செய்வது?

முதல் பியூசி முடிந்த கோடை விடுமுறையில், அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறு பழைய சிஇடி கணக்குத் தாள், இரண்டாவது ஞாயிறு ஜேஇஇ மெயின் கணக்குப் பகுதிக்கு ஒரு மணி நேரம், மூன்றாவது ஞாயிறு ஐஎஸ்ஐ இரண்டாம் தாள். அதுவரை நடத்திய பாடத்திலிருந்து வரும் கேள்விகள் மட்டும், நேரத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் வைத்து, போனை வேறு அறையில் வைத்து எழுதட்டும். மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் குறித்துவையுங்கள்: தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது தெரியாததாலா, நேரம் போதாததாலா, கவனக்குறைவாலா என்று பிள்ளையே எழுத வேண்டும். நேரக்குறைவு பயிற்சியில் சரியாகும். தெரியாததே பாதிக்கு மேல் என்றால் அந்தத் தேர்வை முக்கியத் தேர்வாக வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் எதை எழுதுகிறான் என்பதை இந்தத் தாளில் எங்கும் எழுத இடமில்லை.

ஒரு வருடம் வீட்டிலிருந்து திரும்ப எழுதலாமா?

அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுதான் எழுத முடியும், மெயின் மூன்று ஆண்டு. பிள்ளை தானாகக் கேட்டால், எங்கே தவறியது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால், சரி. பெற்றோரின் ஆசைக்காக என்றால் வேண்டாம். கிடைத்த கல்லூரியில் சேர்ந்துகொண்டு கணக்கைத் தொடரட்டும், எம்.எஸ்சி.க்கு ஜாம், எம்.டெக்.குக்கு கேட் என்று ஐஐடி-க்கும் ஐஐஎஸ்சி-க்கும் பின்னாலும் தேர்வுகள் இருக்கின்றன.